அக்காவுக்கு ஒதுக்கிய இடம்

தேசிய அணிக்கான பனிச்சறுக்கு நடனத் தேர்வில் தங்கை இரண்டாவதாக வந்தாள். அணியில் இரண்டே இடம். கணுக்கால் பிசகித் தேர்வுக்கே வராத அக்காவுக்கு, போன வருடப் பதக்கத்தை வைத்து, தேர்வுக்குழு அந்த இரண்டாவது இடத்தைக் கொடுத்துவிட்டது.

"போன வருஷப் பதக்கமா இந்த வருஷம் ஆடப்போகுது?" என்று கேட்ட தங்கை, அதன்பின் அக்காவோடு பேசவில்லை.

அக்கா குழுத் தலைவரிடம் போனாள். "முழுசா ஆடிக் காட்டறேன். முடியலன்னா அவளுக்குக் குடுங்க."

மறுநாள் ஆடினாள். ஓரத்தில் நின்ற தங்கை, அவள் விழட்டும் என்று மனதுக்குள் வேண்டினாள். மூன்றாவது தாவலில் அக்கா விழுந்தாள். தங்கை ஓடிப்போய்க் கைகொடுத்தாள்.

"நீ விழணும்னு வேண்டிக்கிட்டேன்க்கா."

"நானா இருந்தாலும் அதத்தான் வேண்டியிருப்பேன்," என்று அவள் தோளைப் பிடித்து எழுந்தாள் அக்கா. "இடம் உனக்குத்தான். மெதுவாப் போ, கால் வலிக்குது."