வளைக்காரர் வீட்டு மின்செருகி

மார்ச்சு பதினான்கு, வியாழக்கிழமை, காலை. வளைக்காரர் இறந்த வீட்டில், அவருடைய மனைவியை ஒரு சொல்கூடக் கேட்காமல், இறந்தவருடைய கணினியின் மின்செருகியைப் பிடுங்கினார்கள். குறை இதுதான். பிடுங்கியவர் இறந்தவரின் உடன்பிறந்த தம்பி, கட்டடக் காண்டிராக்டர், எதையும் முதலில் இடித்துவிட்டுப் பிறகு அளவெடுக்கும் பழக்கமுடையவர்.

பின்னறையிலிருந்து 'கீ… கீ…' என்று ஓர் அலறல் கிளம்பிற்று. கணவரின் தலைமாட்டில் அமர்ந்திருந்த தையற்கார அம்மாள் விருட்டென எழுந்தார். காலையிலிருந்து அழாதிருந்தவருக்கு இப்போதுதான் அழுகை வந்திருக்கிறது என்று எண்ணி, உறவுப் பெண்கள் இருவர் தோள்கொடுக்க ஓடிவந்தனர். அம்மாள் அவர்களை விலக்கிக்கொண்டு பின்னறைக்குப் போனார்.

"யாரைக் கேட்டுப் புடுங்கினீங்க தம்பி?"

"அண்ணனை வைக்கிற குளிர்பெட்டிக்குப் பெரிய பிளக் வேணுமாம் அண்ணி. இந்த வீட்டுல இருக்கிறது ரெண்டே ரெண்டு. ஒண்ணு இங்க, இன்னொண்ணு பாத்ரூம் ஹீட்டர்."

"அப்ப ஹீட்டரைப் புடுங்குங்க."

"இத்தனை பேர் குளிக்கணுமே!"

"பச்சைத் தண்ணில குளிங்க. யாரும் செத்துட மாட்டீங்க."

அந்த வீட்டில், அந்த நேரத்தில், அந்தச் சொல் சற்றுக் கனமாகவே விழுந்தது. குளிர்பெட்டிக்காரர் இருமிவிட்டுச் சுவரைப் பார்த்தார்.

"நீங்கதானே அண்ணி, இந்தச் சனியனை ஒருநாள் குப்பைல போடுவேன்னு சொல்லிட்டே இருந்தீங்க?"

"நான் சொல்லுவேன். நீங்க யாரு செய்ய?"

அம்மாள் சொன்னது உண்மை. மணமான நாளிலிருந்து சொல்லிவந்தார். இணையத்தில் படமும் விளம்பரமும் பெருகுவதற்கு முன்பே கோஃபர் என்று ஒரு முறை இருந்தது. அதில் எல்லாம் எழுத்து. திறந்தால் வரிவரியாக ஒரு பட்டியல் வரும். ஒரு வரியைத் தேர்ந்தால் இன்னொரு பட்டியலோ, ஒரு கட்டுரையோ வரும். மண்ணைத் தோண்டும் ஒரு கொறிவிலங்கின் பெயர் அது. ஆகவே அதில் இடம் வைத்திருப்போர் தம் இடத்தை 'வளை' என்றே வழங்கினர். உலகமே கைவிட்ட அம்முறைக்கு வேண்டிய மென்பொருள்களையெல்லாம், பழங்கணினிக்கு ஒன்று, புதிய கைபேசிக்கு ஒன்று எனத் தேடிச் சேர்த்துத் தம் பின்னறைக் கணினியில் அடுக்கி வைத்திருந்தவர் வளைக்காரர். எவர் வேண்டுமானாலும் வந்து எடுத்துக்கொள்ளலாம். எவரும் வருவதில்லை என்பது அம்மாளின் கட்சி.

உயிரோடிருக்கும் வளைகளின் பட்டியலும் அங்கே இருந்தது. நாள்தோறும் தேநீருக்கு முன் வளைக்காரர் அவற்றை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பார். திறக்காத வளையைப் பட்டியலிலிருந்து உடனே அடித்துவிட மாட்டார். "கரண்டு போயிருக்கும், ஊருக்குப் போயிருப்பாங்க, ஒரு வாரம் பொறுக்கணும்" என்பார். அதற்குள் அவருடைய தேநீர் ஆறிப்போகும். ஆறிய தேநீரைச் சுடவைக்கும் வேலை அம்மாளுடையது. குப்பையில் போடுவேன் என்ற சூளுரை பெரும்பாலும் அந்த நேரத்தில்தான் பிறக்கும்.

இவர்கள் வாதாடிக்கொண்டிருக்கையிலேயே, மின்சாரம் நின்றால் கணினியைத் தாங்கி அலறும் யு.பி.எஸ். பெட்டியின் பேட்டரி தீர்ந்தது. அலறல் நின்றது, திரை இருண்டது. எப்போதும் இரைந்துகொண்டிருந்த அறை, இறந்தவர் கிடந்த கூடத்தைவிட அமைதியாயிற்று. அம்மாள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

சற்று நேரத்தில் வளைக்காரரின் கைபேசி ஒலித்தது. காண்டிராக்டர் எடுத்துக் கேட்டுவிட்டு, முகம் சுளித்து நீட்டினார்.

"அண்ணி, யாரோ மண்புழுவாம்."

"குடுங்க."

மறுமுனையில் ஓர் ஆண்குரல் பதறிற்று. "அக்கா, மண்புழு பேசறேன், அது என் வளையோட பேரு. உங்க வளை அடைச்சிருக்கு. ஹார்டு டிஸ்க் போயிடுச்சா?"

"டிஸ்க் நல்லா இருக்கு தம்பி. அவர்தான் போயிட்டார்."



"நான் அவர் முகத்தைப் பாத்ததே இல்லீங்க அக்கா. தினமும் காலைல வந்து என் கதவைத் தட்டுவார். அது மட்டும் தெரியும்."

அம்மாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "இப்ப இதை எப்படி எழுப்பறது? அதைச் சொல்லுங்க."

ஹீட்டரின் செருகி பிடுங்கப்பட்டது, கணினியின் செருகி மீண்டும் ஏறிற்று. குளியலறையிலிருந்து கூடம்வரை வயர் நீண்டது. தாம் கட்டிய வீடுகளில் அறைக்கு இரண்டு பெரிய பிளக் வைப்பதாகக் குளிர்பெட்டிக்காரரிடம் அளந்துகொண்டே, காண்டிராக்டர் அதில் ஒருமுறை இடறி விழுந்தார். பின்னறையில் அம்மாள் கைபேசியைத் தோளுக்கும் காதுக்கும் இடையே இடுக்கிக்கொண்டு, மண்புழு சொன்ன பொத்தானை அழுத்தினார்.

"பச்சை விளக்கு எரியுதா அக்கா?"

"எரியுது. என்னென்னவோ ஓடுது."

"ஓடட்டும். நான் தட்டறேன்… தட்டறேன்… தெறந்துடுச்சு அக்கா." அதற்குமேல் அந்த ஆள் அழத் தொடங்கிவிட்டார். அம்மாள்தான் தேற்ற வேண்டியதாயிற்று. "சரி, சரி, அழாதீங்க தம்பி. சாப்டீங்களா?"

தேறியபின் மண்புழு தயங்கித் தயங்கிக் கேட்டார். "ஆள் இல்லாத வளைன்னா… எங்க பட்டியல்ல இருந்து அடிச்சிடறது வழக்கம். என்ன பண்ணட்டும்?"

"கதவு தெறக்குதில்ல?"

"தெறக்குது."

"அப்புறம் எதுக்கு அடிக்கறீங்க?"

மாலைக்குள் எல்லாம் முடிந்தது. குளிர்பெட்டி திரும்பிப் போயிற்று. எல்லாரும் பச்சைத் தண்ணீரிலேயே குளித்தனர். காண்டிராக்டர் தும்மிய ஒவ்வொரு தும்மலும் அண்ணியின் காதில் விழும்படி இருந்தது.

மறுநாட்காலை அம்மாள் கைப்பழக்கத்தில் இரண்டு பேருக்குத் தேநீர் போட்டுவிட்டார். இரண்டு குவளைகளையும் எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போய் நாற்காலியில் அமர்ந்தார். கணவரின் முதுகுப்புறம் உட்கார்ந்து எத்தனையோ காலைகளில் துணிக்கு ஓரம் மடித்தவர். விசைப்பலகையில் எந்த விசைக்குப்பின் எந்த விசை என்பது கண்ணுக்குப் பாடமாகியிருந்தது. அளவுநாடா கழுத்தில் தொங்க, ஒற்றை விரலால் தட்டினார். முதல் வரி திறந்தது. அடுத்ததும் திறந்தது. மண்புழுவின் வளை திறந்தது. அதற்கும் கீழே ஒன்று திறக்கவில்லை. அம்மாள் காத்திருந்தார், மீண்டும் தட்டினார், அதை அடிக்காமல் அடுத்த வரிக்குப் போனார். இரண்டு குவளைத் தேநீரும் ஆறின.

வாசிப்பவரே, உங்களிடம் கேட்பது ஒன்றுதான். நீங்களும் ஒருநாள் அந்த வளையைத் தட்டிப் பாருங்கள். திறக்கவில்லையென்றால் உடனே அடித்துவிடாதீர்கள். ஒரு வாரம் பொறுங்கள்.