தகடு எண் 217, வாத்துடன் ஒருவர்

முப்பத்தொரு பேருக்குப் பெயர் இல்லை. அதுதான் என் தலைவலி.

எங்கள் ஊர்ப் புகைப்பட ஸ்டுடியோவை மூடியபோது அதன் படம் பதிந்த கண்ணாடித் தகடுகளெல்லாம் அருங்காட்சியகத்துக்கு வந்தன. ஒவ்வொன்றாகத் துடைத்து, ஸ்கேன் செய்து, தலைநகர் சோஃபியாவுக்கு அனுப்புவது என் வேலை. அங்கிருக்கும் கணினிப் படிவம் பெயர் இல்லாத முகத்தை ஏற்காது. வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள் பெயர் கிடைக்காத தகடுகள் மறுபடி நிலவறைக்குப் போக வேண்டும் என்று உத்தரவு. நிலவறையில் கணுக்கால் அளவு தண்ணீர். போன வசந்தத்தில் அங்கே தகடுகளை விட்டு உரிந்து மிதந்த முகங்களை என் கையாலேயே வழித்தெடுத்தேன். இன்னொரு முறை என்னால் முடியாது.

ஆகவே முகங்களைத் தாளில் அச்சடித்து, கீழே 'இவர் யார்? தெரிந்தவர்கள் அருங்காட்சியகத்துக்கு வரவும்' என்று போட்டு, திங்களன்று ஊர் முழுக்க ஒட்டினேன். அச்சடித்துக் கொடுத்த அசெனுக்குப் பிழைப்பே மரண அறிவிப்புதான். இங்கே ஒருவர் இறந்தால் படம் போட்ட தாள் வீட்டுக் கதவிலும் மின்கம்பத்திலும் ஏறிவிடும். நாற்பதாம் நாள் மறுபடி, வருஷம் திரும்பினால் மறுபடி. அசென் கைப்பழக்கத்தில் எல்லாத் தாளிலும் கறுப்புக் கட்டமும் சிலுவையும் போட்டுவிட்டான். நான் கவனிக்கவில்லை. கறுப்புக் கட்டம் இல்லாமல் முகம் போட்ட தாளை நான் பார்த்ததே இல்லை.

அடியில் இருக்கும் எழுத்தை எவன் படிக்கிறான்? செவ்வாய் காலை வாசலில் கூட்டம். கையில் சாவு வீட்டுக்குக் கொண்டுபோவதுபோல இரட்டைப்படையில் பூக்கள், இறந்தவர் பெயரால் பங்கிடும் சர்க்கரை தூவிய வேகவைத்த கோதுமை. முதலில் நின்றவள் ரொட்டிக்கடை ஸ்தாமென்கா.

"ஏ நெவேனா, தலையில துணி கட்டின அந்தக் கிழவி, பாவம், போய்ட்டாளே."

"அக்கா, அது 1931-ல எடுத்த படம். அப்பவே அவங்களுக்கு எழுபது வயசு."

"அப்ப நல்லா வாழ்ந்துட்டுத்தான் போயிருக்கா."

"சரி, பேர் என்ன?"

"செத்தவ பேர் தெரியாதுன்னு சொன்னா ஊர் என்னைப் பத்தி என்ன பேசும்? இவானித்சான்னு எழுதிக்கோ."

யாருமே தெரியாது என்று சொல்லவில்லை. சில முகங்களுக்கு மூன்று பெயர்கள் வந்தன. அதிகம் அழுதவர் சொன்னதை எழுதிக்கொண்டேன். என் படிப்புக்கு இது அவமானம்தான். வியாழனுக்குள் முப்பது முடிந்தது.

மிச்சம் 217. ஐம்பதுகளில் எடுத்த படம்; அக்குளில் வாத்தை இடுக்கிக்கொண்டு நிற்கும் இளம் சிப்பாய். அவனுக்காக ஒரு பூகூட வரவில்லை.

வெள்ளி மூன்றரைக்குத் தொப்பியைக் கையில் பிடித்தபடி ஒரு கிழவர் வந்தார்.

"அந்த வாத்துக்காரனுக்கு யாராச்சும் வந்தாங்களாம்மா?"

"இல்லங்க. அவர் ஒருத்தருக்குத்தான் நாதியில்ல."

"நானும் பாத்தேன். பஸ் ஸ்டாப் கம்பத்துல அந்தத் தாள் இருக்குல்ல, நாலு நாளா அதுக்கு எதிர் பெஞ்சுலதான் உக்காந்திருக்கேன். சிலுவை போடறாங்க, போறாங்க. நின்னு பேர் சொல்ல ஆளில்ல."

"உங்களுக்குத் தெரியுமா அவரை?"

"நான்தான் அது. வெலிச்கோ. வாத்து ஸ்டுடியோக்காரரோடது."

நாக்கைக் கடித்துக்கொண்டேன். வெட்கமும் கோபமும் சேர்ந்து வந்தன. "மொத நாளே வந்து சொல்லியிருக்கலாமில்ல?"

"நானே வந்து சொல்லிக்கிட்டா அதுல என்னம்மா இருக்கு?"

படிவத்தைப் பார்த்த எங்கள் இயக்குநர் போஜிதார் உதட்டைப் பிதுக்கினார். "அடையாளம் காட்டுறவர் உறவா, பக்கத்து வீடான்னு கேக்குது. தன்னைத்தானே காட்டிக்கிறதுக்குக் கட்டம் இல்ல."

"ஆள் உயிரோட நிக்கிறார் சார்."

"அதான் பிரச்சினை. செத்திருந்தா சொந்தக்காரங்க யாராவது கையெழுத்துப் போட்டிருப்பாங்க."

நாலடிக்கப் பத்து நிமிடம். "பக்கத்து வீட்டுக்காரர்னு போடுங்க" என்றேன். கிழவர் கையெழுத்துப் போட்டார். 'எத்தனை காலமாகப் பழக்கம்?' என்ற கட்டத்தில் மட்டும் கொஞ்சம் யோசித்துவிட்டு எழுதினார்: 'பிறந்ததிலிருந்து. அதிகம் பேசிக்கொண்டதில்லை.'

படிவம் ஏற்றுக்கொண்டது. தகடு தப்பித்தது. ஆனால் அவர் பெயரை நின்று சொல்ல இன்னும் ஆள் வரவில்லை.

சனிக்கிழமை காலை கோதுமை வேகவைத்து எடுத்துக்கொண்டு பேருந்து நிறுத்தத்துக்குப் போனேன். எதிர் பெஞ்சில் அவர் இருந்தார். வாத்துப் படம் ஒட்டிய கம்பத்தின் முன் நின்று சிலுவை போட்டு, இறந்தவர்களுக்குச் சொல்வதைத் தெருவுக்கே கேட்கும்படி சொன்னேன்: "வெலிச்கோ. கடவுள் அவரை மன்னிக்கட்டும்."

ரொட்டிக்கடையிலிருந்து ஸ்தாமென்கா ஓடி வந்தாள். "நம்ம வெலிச்கோவா? ஐயோ, தங்கமான மனுஷன்." கண்ணைத் துடைத்துக்கொண்டே என் கோதுமையில் ஒரு கிண்ணம் வாங்கிக்கொண்டு போய் பெஞ்சில் இருந்தவரிடம் நீட்டினாள்.

"பெரியவரே, வெலிச்கோ போய்ட்டாராம். உங்களுக்கு ரொம்ப வேண்டப்பட்டவரா?"

அவர் தொப்பியைக் கழற்றினார். கிண்ணத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"பக்கத்து வீடு" என்றார்.