கேலித் தட்டு

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு அச்சுக்கோப்பவனுக்கு இரண்டு தோள்பட்டைகளும் கழன்று விழுவதுபோல வலி எடுத்தது. பதினொரு மணிக்கு அவன் வலது கணுக்காலில் ஓர் இரும்பு வளையம் இருந்தது; அதிலிருந்து ஒரு சங்கிலி தரையைத் துளைத்துக்கொண்டு கீழே போயிற்று.

முந்தின நாள் புரூஃப் ரீடர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். கோத்த வரிகளை அடுக்கும் நீளத் தட்டுக்கு அந்த அச்சகத்தில் கேலி என்று பெயர். “கேலிய எடுத்துட்டு வாடா” என்று முதலாளி கத்தினால், “நம்ம பொழப்பே கேலிதானே மொதலாளி” என்று ஒருவன் சொல்வான், மற்றவர்கள் சிரிப்பார்கள். இருபது வருஷமாக அதே சிரிப்பு. புரூஃப் ரீடர் அகராதியைப் புரட்டி, அது இங்கிலீஷ் வார்த்தை, பழங்காலத்துக் கப்பல் ஒன்றின் பெயர், அதைப்போல நீளமாகவும் ஒடுக்கமாகவும் இருப்பதால் தட்டுக்கு வந்தது என்றார். அந்தக் கப்பலில் ஆட்களைச் சங்கிலியில் பூட்டி, முரசு அடிக்கு ஏற்பத் துடுப்பு வலிக்க வைப்பார்கள் என்றும் சொன்னார். அதன்பின் யாரும் சிரிக்கவில்லை.

வளையத்தை அறுக்கப் போய் நான்கு ரம்பங்கள் முறிந்தன. தட்டிலிருந்து உப்புத்தண்ணீர் கசிந்தது. தரை இப்படியும் அப்படியும் சாய்ந்து மை டப்பாக்கள் உருண்டன. கீழே யாரோ முரசு அடிக்க, அந்த அடிக்கு அவன் கைகள் தாமாக முன்னும் பின்னும் போயின. முதலாளி எட்டிப் பார்த்து, “பேப்பர் நனையாம பாத்துக்குங்கப்பா” என்றார். வியாழக்கிழமை அவன் மனைவிக்குப் பெண் குழந்தை பிறந்த சேதி வந்தது. நின்றபடியே அழுதான். புரூஃப் ரீடர் அவளுடைய அண்ணன். “வாய வச்சது நான். அரை மணி நேரம் நான் நிக்கிறேன் மாப்ள, புள்ளைய பாத்துட்டு ஓடி வந்துரு” என்றார். சொன்ன உடனே வளையம் திறந்து அவர் காலில் பூட்டிக்கொண்டது.

அவன் ஓடினான். பிள்ளையைத் தூக்கி முகர்ந்தான். இருபதாவது நிமிஷம் திரும்பினான். தெருமுனையில் முரசுச் சத்தம் கேட்டது. கால் அதற்குமேல் நகரவில்லை.

இது நடந்து பதினோரு வருஷம். அங்கே புரூஃப் ஈரமாகத்தான் வரும். கொடியில் காயப்போட்டுப் படிக்கிறார்கள், யாரும் காரணம் கேட்பதில்லை. அவன் இப்போது மூட்டை தூக்குகிறான். மனைவி அண்ணனுக்குக் கட்டிக்கொடுக்கும் சாப்பாட்டைத் தினமும் மத்தியானம் அச்சக வாசல்படியில் வைப்பான். உள்ளிருந்து, “மாப்ள, அரை மணி ஆயிடுச்சா?” என்று குரல் வரும். “இன்னும் இல்ல மச்சான்” என்பான். மச்சானுக்கு அவனுடைய வலது கால் இன்னும் பாக்கி.