மூத்த மருமகள் கழுவிய ரத்தக்கட்டி

ஒரே வீட்டுக்கு வாழ்க்கைப்பட்ட இருவர் ஒரே ஆய்வகத்தில் வேலை பார்த்தால், பொறாமைக்கு விடுமுறையே கிடையாது.

மூத்தவள் பல வருடமாக ரத்தக்கட்டிகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். நேற்று வந்த இளையவளுக்கோ அதிசயம் மடியில் வந்து விழுந்தது. ஒரு நோயாளியின் காலிலிருந்து எடுத்த, ரப்பர் போல இழுபடும் வெளிறிய கட்டி. கரைக்கும் மருந்தில் எவ்வளவு நேரம் ஊறியும் அசையவில்லை. மருந்தையே கட்டிப்போடும் ஒரு புரதம் அதில் எக்கச்சக்கமாக இருக்கிறது என்றாள் இளையவள்.

மாநாட்டில் இதைப் பற்றிப் பேசப்போவது யார் என்று ஆய்வகத்தின் தலைவரான பெரிய டாக்டர் இன்னும் சொல்லவில்லை. மூத்தவள் இத்தனை காலம் ஏங்கிய மேடை அது. வீட்டிலோ மாமியார், "சின்னவளுக்குக் கைராசி" என்று பூரித்தார். மூத்தவளுக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் ஆய்வகத்தில் கேட்டாள். "கட்டியை நல்லா கழுவினியா?"

"ரெண்டு மூணு தடவை கழுவினேன்க்கா."

அவ்வளவுதானா! மூத்தவளுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அந்தப் புரதம் எல்லோருடைய ரத்தநீரிலும் இருப்பது. அரைகுறையாகக் கழுவினால் கட்டிக்குள் ரத்தநீர் தங்கி, பொய்க்கணக்குக் காட்டும்; மருந்தையும் வேலை செய்யவிடாது.

"டாக்டர், மிச்சத் துண்டை நான் கழுவிப் பார்க்கிறேன்."

"துணி துவைக்கிற மாதிரி துவைச்சுடாதம்மா" என்று சிரித்தார்.

மெல்லிய சீவல்களாக நறுக்கி, கழுவிய நீரில் புரதத்தின் சுவடே இல்லாத வரை கழுவினாள். பெற்ற பிள்ளையைக்கூட அப்படிக் குளிப்பாட்டியதில்லை. பிறகு பாதியைப் புரத அளவீட்டுக்கு அனுப்பிவிட்டு, மீதியை மருந்தில் போட்டாள். பக்கத்துக் குழாயில் சாதாரணக் கட்டி ஒன்று.

சாதாரணக் கட்டி மதியத்துக்குள் காணாமல் போனது. "நீயும் கரைஞ்சு தொலையேன்" என்று மற்றதிடம் கெஞ்சினாள். அது சட்டமாக உட்கார்ந்திருந்தது. அளவீடும் வந்தது. அதே புரதம், அதே அளவு.

கரைந்துவிட்டது என்று சொல்லிவிடலாம். குழாயைக் குப்பையில் போட்டால் யார் கேட்கப்போகிறார்கள்? கையும் நீண்டது. அதற்குள் டாக்டர் வந்துவிட்டார்.

"சரியா கழுவாமத்தான் கரையலையோ?"

மூத்தவளுக்குச் சுருக்கென்றது. "நான் கழுவினதுல குறை சொல்ல முடியாது டாக்டர். இது கரையாது!"

"அப்போ சந்தேகமே இல்ல. சின்னவளே பேசட்டும்."

இளையவள் ஓடிவந்து கட்டிக்கொண்டாள். "யாருமே நம்பலக்கா. எனக்காக நீங்கதான் இவ்வளவு மெனக்கெட்டீங்க!"

இவளிடம் ஒரு கெட்ட குணமாவது இருந்து தொலைத்திருக்கக் கூடாதா என்று நொந்தபடியே மூத்தவள் அவள் முதுகைத் தட்டினாள்.

"மேடையில கடகடன்னு பேசாத. உன் பேச்சு ஒரு எழவும் புரியாது."