ஒன்பதாவது கேள்வி

காட்டுமன்னார்கோயிலில் டவுன் பஸ் ஏறியதிலிருந்து சிதம்பரம் இறங்கும் வரை கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டே வந்தேன். உள்ளே கண்ணாயிரம் அண்ணனின் படிவம். அவர் படுத்திருக்கும் ஆஸ்பத்திரியிலிருந்து கேட்டிருந்தார்கள். அதில் ஓரிடத்தில் நான் பொய் எழுதியிருக்கிறேன். அது எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன்.

நான் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ். சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை வாங்க வருகிறவர்களிடம் மனசைப் பற்றியும் ஒன்பது கேள்வி கேட்க வேண்டும். தூக்கம் கெடுகிறதா, பசி குறைகிறதா என்று போகும். ஒவ்வொன்றுக்கும் படிவத்தில் மார்க் போட வேண்டும்; இல்லை என்றால் சைபர், தினமும் என்றால் மூன்று. கடைசிக் கேள்வி, செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா.

முதல் வாரமே அதை விருத்தாம்பாளிடம் கேட்டுத் தொலைத்தேன். கோயிலுக்குப் போகிற வழியில் பூக்கூடையோடு வந்திருந்தது அந்தம்மா.

"வெள்ளிக்கெழம அதுவுமா வாயில என்னா வார்த்த வருது பாரு ஒனக்கு? நாலு புள்ள பெத்தவ நானு!"

மாத்திரைகூட வாங்காமல் போய்விட்டது. வரிசை மொத்தமும் சிரித்தது. எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அன்றிலிருந்து எட்டோடு நிறுத்திக்கொண்டேன். ஒன்பதுக்கு நானே சைபர் போட்டுவிடுவேன். வெள்ளி என்றில்லை, எல்லாக் கிழமையும். ஒரு படிவம்கூட அரைகுறையாக இல்லை என்று எங்கள் டாக்டர் மீட்டிங்கில் பாராட்டினார். கொஞ்சமும் கூச்சமில்லாமல் கைதட்டலை வாங்கிக்கொண்டேன்.

கண்ணாயிரம் அண்ணன் அரிசி ஆலையில் மூட்டை தூக்கியவர். இடுப்பு போனபின் வீட்டோடு இருக்கிறார். போன மாதம் வந்தபோது எட்டுக் கேள்விக்கும் யோசித்து யோசித்துப் பதில் சொன்னார். கூட்டிப் பார்த்தேன், பத்துக்கு ஒன்று குறைந்தது. பத்து வந்தால்தான் டாக்டரிடம் அனுப்புவோம். பேனாவை மூடினேன்.

"அவ்ளோதானாம்மா?" என்றார்.

"அவ்ளோதாண்ணே. மாத்திரைய அங்க வாங்கிக்குங்க."

எழுந்தவர் போகாமல் நின்றார். பின்னால் முப்பது பேர் காத்திருக்கிறார்கள், இவர் வேறு என்று எரிச்சல் எனக்கு. "அடுத்த ஆளு வாங்க" என்றேன்.

முந்தாநாள் அளவுக்கு மீறி மாத்திரையை விழுங்கிவிட்டார். உயிர் பிழைத்ததே பெரிய விஷயம்.

வார்டு வாசலிலேயே அவர் மனைவி பட்டம்மாள் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கயலு, அவுருக்குக் கண்ணு சரியா தெரியல, மாத்தி முழுங்கிட்டாரு. நீயும் அப்டியே சொல்லு. பொண்ணுக்கு மாப்ள பாத்துகினு இருக்கோம். மனசு டாக்டருகிட்ட காட்டுனோம்னா ஊரு என்னா பேசும்? சாயங்காலம் வூட்டுக்கு இட்டுகினு போயிடறோம். நீ எழுதுனதுலயும் ஒண்ணும் இல்லன்னுதான இருக்கு?"

என் சைபர் அக்காவுக்குச் சாட்சி. எனக்கும் அது வசதிதான். தெரியாமல் விழுங்கியது என்றால் என்மேல் பழி வராது. ஒரு நிமிடம் மனசுக்குள் சந்தோஷப்பட்டேன். எல்லாவற்றையும்விட இதைச் சொல்லத்தான் வெட்கமாக இருக்கிறது.

அக்கா டீ வாங்கப் போனார். கட்டிலருகே நின்றேன். அண்ணன் என் பையைப் பார்த்தார்.

"அந்தத் தாளு எடுத்தாந்தியாம்மா?"

"ஆமாண்ணே."

"அன்னிக்கி மேசையில அத நான் படிச்சேன். எனக்குத் தலகீழா இருந்துச்சு, எழுத்துக்கூட்டிப் படிச்சிட்டேன். ஒம்போதாவது வரட்டும், கேட்டா சொல்லிடலாம்னு இருந்தேன். நாமளா போயி யாருகிட்ட சொல்றது? நீ கேக்காமயே முட்ட போட்டுட்ட." குரலில் கோபமே இல்லை. "சரி, நம்மளப் பாத்தா நல்லாத்தான் தெரியுதுபோலன்னு போயிட்டேன்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் அவர் போர்வையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அதற்குள் அக்காவும் வந்தார், வார்டு டாக்டரும் வந்தார். படிவத்தை வாங்கிப் பார்த்த டாக்டர், "கடைசிக் கேள்விக்கு இல்லன்னு சொல்லியிருக்காரே?" என்றார்.

"ஆமாங்க, தெரியாம முழுங்குனதுதான்" என்றார் அக்கா.

"அவர் சொல்லல டாக்டர். நான் கேக்கவே இல்ல. நானே போட்ட சைபர் அது."

அக்கா என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது. டாக்டர் படிவத்தை என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். அதுவே போதுமான சூடு. நான் ஸ்டூலை இழுத்துப்போட்டு அண்ணனுக்கு எதிரே உட்கார்ந்து, அந்தக் கேள்வியை முழுசாகக் கேட்டேன். அன்றைக்கும் வெள்ளிக்கிழமைதான்.

அவர் மனைவியை ஒருமுறை பார்த்தார். பிறகு என்னிடம், "தெனமும்மா" என்றார்.

சைபரை அடித்து மூன்று போட்டேன். அன்று சாயங்காலம் அவரை வீட்டுக்கு அனுப்பவில்லை.

திரும்பி வருகையில் பஸ்ஸில் இடம் இருந்தும் எனக்கு உட்காரத் தோன்றவில்லை. எங்கள் அலமாரியில் நானூற்றுச் சொச்சம் படிவம் இருக்கிறது. எல்லாவற்றிலும் ஒன்பதுக்கு நேராக என் சைபர். பேனாவை மூடியபின் அதில் யார் யார் போகாமல் நின்றார்கள் என்று எவ்வளவு யோசித்தும் எனக்கு ஞாபகம் வரவில்லை.