வேண்டாத வேலைக்குப் போட்ட விலை

இங்கிலாந்தில் லங்காஷயர் பக்கத்துத் தொழிலாளிகளுக்கு, முடியாது என்று முகத்துக்கு நேராகச் சொல்ல வராது. கூரை போடுகிறவர், சுவர் பூசுகிறவர், குழாய் மாட்டுகிறவர் எல்லோருக்கும் ஒரே கதைதான். வேலை வேண்டாம் என்றால் விலையை ஏற்றிச் சொல்வார்கள். வீட்டுக்காரரும் முகம் மாறாமல், யோசித்துவிட்டு போன் பண்ணுகிறேன் என்பார். அந்த போன் வரவே வராது. யாருக்கும் மனஸ்தாபம் கிடையாது. அடுத்த வாரம் கடைத்தெருவில் பார்த்தால் மழையைப் பற்றி நிம்மதியாகப் பேசிக்கொள்ளலாம். இந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்தவர் எவரோ, மகராசன், நன்றாக இருக்கட்டும்.

அந்த நவம்பரில் டெரிக் ஆஷ்வர்த் மலைபோல் நம்பியிருந்தது இந்த ஏற்பாட்டைத்தான்.

டெரிக்குக்கு அறுபத்தோரு வயது. அக்ரிங்டன் ஊரில் முப்பத்தைந்து வருஷமாக, வீட்டைச் சூடாக்கும் கேஸ் பாய்லர் மாட்டுகிற தொழில். வசந்த காலத்தில் அவருடைய வலது கைக் கட்டைவிரலும் பக்கத்து இரண்டு விரல்களும் மரத்துப்போக ஆரம்பித்தன. குளிரால் இருக்கும் என்றார். தூக்கத்தில் கை மடங்கியிருக்கும் என்றார். இதையெல்லாம் மனைவி சில்வியாவிடம் சொல்லவில்லை, தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அக்டோபரில் ஒரு வீட்டில் கேஸ் குழாயின் இணைப்பை இறுக்கினார். இறுகிவிட்டது என்றுதான் நினைத்தார். ஆனால் சோதனை மீட்டரில் அழுத்தம் மெதுவாக இறங்கியது. கசிவு. மறுபடி இறுக்கி, மூன்று தடவை சோதித்து, வண்டியில் வந்து உட்கார்ந்தவர் அரை மணி நேரம் அசையவில்லை. அந்த வீட்டில் இரண்டு கைக்குழந்தைகள். இனி கேஸைத் தொடுவதில்லை என்று அங்கேயே முடிவு செய்தார். முடிவெடுத்ததை மட்டும் ஒருவரிடமும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகும் தினமும் காலை எட்டு மணிக்கு வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். கால்வாய்க்கரையில் நிறுத்தி, பிளாஸ்கில் இருந்த டீயைக் குடித்து, பேப்பரை வரி விடாமல் படித்து, சாயங்காலம் அலுத்துக் களைத்தவர்போல் வீடு திரும்பினார். யாராவது வேலைக்குக் கூப்பிட்டால் போய்ப் பார்த்து விலையை வானத்துக்கு ஏற்றினார். நான்கு பேர் யோசித்துவிட்டுச் சொல்வதாகச் சொல்லி, வழக்கப்படியே போன் பண்ணாமல் விட்டார்கள். தப்பித்தோம் என்று இருந்தபோதுதான் மேவிஸ் ஹோல்ட் கூப்பிட்டாள்.

மேவிஸுக்கு எழுபத்து நான்கு வயது. பள்ளிக்கூடத்தில் சாப்பாடு பரிமாறி ஓய்வு பெற்றவள். முன் அறையில் கேஸ் கணப்புக்குப் பின்னால், புகைபோக்கிக்குள்ளேயே ஒளிந்திருக்கும் பழைய காலத்து பாய்லர் அவளுடையது. இருபத்திரண்டு வருஷமாக அதைப் பழுது பார்த்துவந்தவர் டெரிக்தான். இன்னும் ஒரு குளிர்காலம் தாங்கும் என்று அவரும் வருஷா வருஷம் சொல்லிவந்தார். இந்தக் குளிர்காலத்தை அது தாங்கவில்லை. மூன்று பேரிடம் கொட்டேஷன் வாங்காமல் எதையும் செய்யக்கூடாது என்று மருமகள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாளாம். இரண்டு வாங்கியாயிற்று, உனக்காகத்தான் கடைசி இடத்தை வைத்திருக்கிறேன் என்றாள் மேவிஸ். வருகிறேன் என்றார் டெரிக்.

போனார். கையை கோட்டுப் பையிலேயே வைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வந்தார். பழைய பாய்லரைப் பெயர்க்க வேண்டும், மாடி அலமாரியில் இருக்கும் வெந்நீர்த் தொட்டியை எடுக்க வேண்டும், சமையலறையில் புதியதை மாட்ட வேண்டும். நியாயமான விலை நாலாயிரம் பவுண்டு. எட்டாயிரம் என்று எழுதிக் கொடுத்தார். எழுதும்போது அவருக்கே கூசியது. இத்தனை வருஷம் இந்த வீட்டில் உதிரிபாகத்துக்குக்கூட ஒரு பைசா கூடுதலாக வாங்காதவர் அவர்.

மேவிஸ் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தாள். கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தாள். யோசித்துச் சொல்கிறேன் என்ற அந்த வாக்கியத்துக்காக டெரிக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்.

"சரி கண்ணு, எப்ப ஆரம்பிக்கிற?" என்றாள் அவள்.

ஜனவரிக்கு முன்னால் நேரமே இல்லை என்றார். மின்சார ஹீட்டர் இருக்கிறது, காத்திருக்கிறேன் என்றாள். மற்றவர்கள் இன்னும் குறைவாகச் சொல்லியிருப்பார்களே என்று இழுத்தார். தனக்குக் கணக்குத் தெரியும் என்று அவள் அந்தப் பேச்சை அதோடு வெட்டினாள்.

சாயங்காலம் அவருக்கு ஒரு யோசனை வந்தது. யோசனை என்று சொல்லவே வெட்கமாக இருக்கிறது. போன் பண்ணி, கூட்டலில் தப்பு நடந்துவிட்டது, உண்மையில் ஒன்பதாயிரத்து ஐந்நூறு ஆகும் என்றார். இந்தத் தடவை தப்பித்தோம் என்று டெரிக் கண்ணை மூடிக்கொண்டார்.

"பரவாயில்ல டெரிக், தர்றேன்" என்றாள் மேவிஸ்.

அன்றிரவு அவருக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. வேலையைச் செய்தால் அவள் வீட்டில் கேஸ் கசியும். செய்யாமல் இருக்க வேண்டுமென்றால் வாயைத் திறந்தாக வேண்டும். மனுஷனுக்கு இரண்டுமே ஒரே அளவு பயமாக இருந்தது என்பதுதான் கொடுமை. காலையில் கால்வாய்க்கரைக்குப் போகாமல் மேவிஸ் வீட்டுக்குப் போனார்.

அவள் வீட்டுக்குள்ளேயே கோட்டும் கம்பளித் தொப்பியும் போட்டுக்கொண்டு கதவைத் திறந்தாள். சமையலறை மேஜையில் வங்கிப் புத்தகம் கிடந்தது. அதைப் பார்த்ததும் டெரிக்குக்கு மனசு விட்டுப்போயிற்று.

"மிஸஸ் ஹோல்ட், அந்த விலை நியாயமில்ல. உங்களுக்கே தெரியும். ஏன் சரின்னீங்க?"

மேவிஸ் கெட்டிலை அடுப்பில் வைத்தாள். பிறகு, அவர் முகத்தைப் பார்க்காமலேயே பேசினாள்.

"தினம் காலைல பஸ்ஸுல போறப்ப உன் வண்டியைப் பாக்கறேன். கால்வாய் ஓரமா நிக்குது, நீ உள்ள உக்காந்திருக்க. வேலை கிடைக்கலபோலன்னு நெனச்சேன். அப்புறம் நீ வந்து எட்டாயிரம்னு எழுதற. டெரிக் என்கிட்டயே இவ்வளவு கேக்கறான்னா கழுத்து வரைக்கும் முங்கிட்டான்னு அர்த்தம். சாயங்காலம் மறுபடியும் ஏத்தின. அப்ப நெசமாவே பயந்துட்டேன்."

"அவ்வளவு பணத்துக்கு எங்க போவீங்க?"

"என்னை அடக்கம் பண்றதுக்குன்னு சேத்து வெச்சது. அதுக்கு இப்ப ஒண்ணும் அவசரமில்ல."

டெரிக் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ஏமாற்றுக்காரன் என்று அவள் திட்டியிருந்தால்கூட அவர் தாங்கியிருப்பார். தன்னைக் கைதூக்கிவிட ஒரு கிழவி தன் சவப்பெட்டிக் காசை எடுத்து வைத்திருக்கிறாள். வலது கையை மேஜைமேல் வைத்தார்.

"பணக் கஷ்டம் இல்ல. இந்த விரல்ல உணர்ச்சியே இல்ல. கேஸ் வேலை செய்ய லாயக்கில்லாம போயிட்டேன். நீங்க வேணாம்னு சொல்லிடுவீங்கன்னுதான் ஏத்திச் சொன்னேன்."

மேவிஸ் எதிரில் உட்கார்ந்து அந்தக் கட்டைவிரலை நகத்தால் கிள்ளினாள். தெரிகிறதா என்று கேட்டாள். இல்லை. அடுத்த விரலைக் கிள்ளினாள். அதுவும் இல்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தியிருந்தால் ரத்தமே வந்திருக்கும். டெரிக் சும்மா பார்த்துக்கொண்டிருந்தார்.

"டாக்டர் என்ன சொல்றாரு?"

"போகல."

"சில்வியா?"

டெரிக் கையை இழுத்துக்கொண்டார்.

"அட மண்டு" என்றாள் மேவிஸ். குரல் கொஞ்சம் உடைந்திருந்தது. "ஒன்பதாயிரத்து ஐந்நூறு கேக்க மட்டும் வாய் வந்துச்சு."

கெட்டில் கொதித்தது. டீ போட்டுக் கொடுத்துவிட்டு மற்ற இரண்டு கொட்டேஷன்களையும் அவர் முன்னால் வைத்தாள். ஒன்றில் எல்லாம் சேர்த்து இவ்வளவு என்று ஒரே ஒரு வரி. மற்றது பக்கத்து ஊரான பர்ன்லியிலிருந்து வந்த ஒரு பெண் எழுதியது. வெப்பம் தரும் ரேடியேட்டர்களை அறை அறையாக எண்ணி, புகைபோக்கியை எப்படி மூடுவது, தொட்டியை எடுத்த இடத்தில் பலகையை எப்படிச் சரிசெய்வது என்பதுவரை எழுதியிருந்தாள். டெரிக் இரண்டு தடவை படித்தார். தானே எழுதியிருந்தாலும் இதைவிடச் சுத்தமாக எழுதியிருக்க முடியாது என்று அவருக்குப் பட்டது. அதில் கொஞ்சம் வலித்தது, கொஞ்சம் ஆறுதலாகவும் இருந்தது. இந்தப் பெண்ணையே கூப்பிடுங்கள், இன்றைக்கே கூப்பிடுங்கள் என்றார். மேவிஸ் அங்கேயே போன் பண்ணினாள். வியாழக்கிழமை வருவதாக அந்தப் பெண் சொன்னாள்.

"என் வேலை முடிஞ்சுது. கோட்டு போட்டுதான் இருக்கேன், வா, உன் வீட்டுக்குப் போவோம்" என்றாள் மேவிஸ்.

சாயங்காலம் நானே சொல்லிக்கொள்கிறேன் என்றார் டெரிக். அவர் சொல்ல மாட்டார் என்பது மேவிஸுக்குத் தெரியும். ஏற்கெனவே தெருவில் இறங்கி வண்டிக் கதவருகே நின்றிருந்தாள்.

காலை பதினோரு மணிக்கு வாசலில் இரண்டு பேரையும் பார்த்த சில்வியா, விபத்தா என்றுதான் முதலில் கேட்டாள். இல்லை என்று மேவிஸ் சொல்லிவிட்டு, வேலி ஓரமாக நகர்ந்து, வாடிப்போன ரோஜாச் செடியை மும்முரமாகப் பார்க்க ஆரம்பித்தாள்.

டெரிக் மழையைப் பற்றி ஏதோ தொடங்கினார். நிறுத்தினார்.

"என் கை போயிடுச்சு சில்வியா. விரல் மரத்துப்போச்சு. அக்டோபர்லேர்ந்து நான் வேலை பாக்கல."

சில்வியா அவர் கையைப் பார்க்கவில்லை, முகத்தைப் பார்த்தாள்.

"அப்ப தினம் காலைல எங்க போன?"

"கால்வாய்க்கரைல. வண்டிக்குள்ள உக்காந்திருப்பேன்."



"இவ்வளவு நாளும்," என்று சில்வியா கேட்டாள், "ஒத்தையிலயா உக்காந்திருந்த?"