யசோதா பூட் ஆகும் முறை

காலையில் யசோதா எழும்போதே பாதியில் நின்றுவிட்டாள். கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். கண் திறந்திருந்தது. காதுக்குப் பின்னால் பச்சை விளக்கு எரிந்தது. மின்சாரம் வருகிறது என்று அர்த்தம், அதற்கு மேல் ஒன்றுமில்லை.

அவள் பிடரியில் சீரியல் ஒயரைச் சொருகி மடிக்கணினியில் பார்த்தேன். ‘கெர்னல் தொடங்குகிறது’ என்பது கடைசி வரி. பிறகு வெறும் திரை.

என் பிழைப்பே இதுதான். சின்ன போர்டுகளில் கெர்னல் என்ற மூல நிரல் எப்படி பூட் ஆகி ஓடத் தொடங்குகிறது என்று ஆவணம் எழுதுகிறேன். லிஃப்ட் போர்டு, தறி போர்டு, தண்ணீர் மோட்டார் போர்டு. மனைவிக்கு எழுதியதில்லை. இதுவரை தினமும் அவள் தானாகவே எழுந்துகொண்டிருந்தாள். எனக்குப் பயமாக இருந்தது.

பீளமேட்டிலுள்ள எங்கள் அலுவலகம் அன்று சமையலறைக்கு அடுத்து இருந்தது. நடைவழி நடக்க நடக்க நீண்டது. வேகமாக நடந்தால் இன்னும் நீளும் என்பதால் மெதுவாகப் போனேன்.

மேலாளர் ஜெபராஜ் சார் போன மாதத்திலிருந்து மேசை மின்விசிறியாக இருக்கிறார். முகம் நம் பக்கம் திரும்பும்போது மட்டும் பேசுவார்.

“சார், வீட்டுல நின்னுட்டாங்க.”

சுவர்ப் பக்கம் போய்விட்டு வந்தார். “எந்த வரியில?”

“கெர்னல் தொடங்குதுன்னு வருதுங்க. அப்புறம் சத்தமே இல்லீங்க.”

காத்திருந்தேன்.

“டிவைஸ் ட்ரீ அழிஞ்சிருக்கும்.”

கெர்னலுக்குக் கண் கிடையாது. கை எங்கே, அடுப்பு எங்கே, கூட யார் இருக்கிறார்கள் என்று ஒரு கோப்பு சொல்ல வேண்டும். அதுதான் டிவைஸ் ட்ரீ. நினைவகத்தில் கெர்னலை விரிக்கும் இடம் தப்பிப்போனால் அது அந்தக் கோப்பின் மேலேயே ஏறி உட்கார்ந்து அழித்துவிடும்.

“புதுசா எழுதட்டுங்களா சார்?”

“புதுசா எவன்யா எழுதறான்? பக்கத்து போர்டுல இருந்து எடுத்து மாத்திக்க. பச்சை விளக்கு அணைஞ்சா அப்புறம் எழாது.”

எங்கள் தொழிலில் அப்படித்தான். இருப்பதில் நெருக்கமானதை நகலெடுப்போம், மாறுகிற வரிகளை மாற்றுவோம். நெருக்கமானவள் கீழ்வீட்டு அமிர்தம். அதே வயது, அதே அளவு வீடு. அஞ்சறைப் பெட்டியிலிருந்து கோப்பை எடுத்துக் கொடுத்தாள்.

“பாத்து மாத்துங்கண்ணா. எங்கூட்டுல அடுப்பு இடது பக்கம்.”

அடுப்பை வலப்பக்கம் மாற்றினேன். யசோதாவின் முழங்கால் வலியைச் சேர்த்தேன். பல்லி பயத்தைச் சேர்த்தேன். அவள் அம்மாவின் குரலைச் சேர்த்தேன். செய்யச் செய்ய ஆவணத்திலும் எழுதினேன். விளக்கு மங்கிக்கொண்டே வந்தது. போதும் என்று கோப்பை அவளுக்குள் ஏற்றிவிட்டேன்.

திரையில் வரிகள் ஓடின. கண் கிடைத்தது. கை கிடைத்தது. முழங்கால் வலி கிடைத்தது. அந்த வரியைப் பார்த்ததும் அழுதேவிட்டேன். பிழை என்று ஒரு வரிகூட வரவில்லை.

யசோதா எழுந்தாள். தலையை முடிந்தாள். என்னைப் பார்த்ததும் முந்தானையைச் சரிசெய்தாள்.

“வாங்கண்ணா. எப்ப வந்தீங்க? அவரு இன்னும் வரலீங்களே.”

“எவரு?”

“எங்கூட்டுக்காரருங்க.”

கீழே அமிர்தத்தின் கணவர் இருமினார். இவள் முகம் மலர்ந்தது.

கோப்பைத் திறந்தேன். கணவன் என்ற வரி அமிர்தத்தின் வீட்டில் இருந்தபடியே இருந்தது. நான் எங்கே போய்விடப் போகிறேன் என்று அந்த வரியைப் பார்க்கவே இல்லை.

“எழுந்துச்சா?” நடைவழியிலிருந்து ஜெபராஜ் சார் கேட்டார்.

“எழுந்துட்டாங்க சார்.”

நெடுநேரம் கழித்து, “பிழை?”

“வரலீங்க.”

“அப்ப ஆவணத்தை முடி.”

திருத்த வேண்டுமானால் அவளை அணைக்க வேண்டும். அணைத்தால் மறுபடி எழுவாளா என்று எனக்குத் தெரியாது. அவள் பிடரியருகே கையைக் கொண்டுபோனேன். அவள் ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி பால் காய்ச்சிக்கொண்டிருந்தாள். அடுப்பு வலப்பக்கம் இருந்தது. கையை எடுத்துக்கொண்டேன்.

விருந்தாளிகளுக்கு வைத்திருக்கும் டம்ளரை இறக்கித் துடைத்தாள்.

“சக்கரை எவ்வளவு போடட்டுங்கண்ணா?”

நான் சர்க்கரை போட்டுக்கொள்வதில்லை. எந்த வீட்டுக்குப் போனாலும் எனக்கு முந்தி அவள்தான் அதைச் சொல்வாள்.

“உங்க இஷ்டமுங்க,” என்றேன்.